‘டொக்’ என்று சொன்ன கிண்ணம்

எங்கள் மண் கூடத்துக்கு எலக்ட்ரிக் சூளை வந்திருக்கிறது. இப்போது அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் போன வாரம் வந்து என்னைக் கையோடு அழைத்துப் போய்க் காட்டினார்கள். வெள்ளை பீரோ மாதிரி மூலையில் நிற்கிறது. பொத்தானை அழுத்தினால் போதும், முள் ஏறுகிறது, வேண்டிய சூட்டில் தானே நின்றுவிடுகிறது. பைக்காராவில் விழுகிற தண்ணீர் குன்னூரில் கிண்ணம் சுடுகிறது என்றால் அந்தக் காலத்தில் யார் நம்பியிருப்பார்கள்! நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. ரிட்டையரானவனுக்கு அதைவிட மனக்கஷ்டம் வேறு உண்டா?

“ஏனுங்க பாய், முள்ளும் இல்லாம மீட்டரும் இல்லாம நீங்க எப்படித்தான் சுட்டீங்க?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“கண்ணாலதான்” என்றேன்.

“சரிங்க. செஞ்ச கிண்ணம் நல்லா இருக்குதுன்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?”

வீட்டுக்கு வந்து யோசித்தேன். பதில் இருந்தது, ஆனால் கொஞ்சம் நீளமாக இருந்தது. அதனால் எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் மண்காரன் இல்லை, பீங்கான்காரன். எங்கள் வீடு குன்னூரில். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தா காலமான பிறகு நான் சின்ன வயதிலேயே ஊட்டி மார்க்கெட்டில் சுலைமான் ராவுத்தர் கடையில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தங்கிக்கொண்டேன். துரைமார் பங்களாக்களுக்கும் ஓட்டல்களுக்கும் கப், சாஸர், தட்டு எல்லாம் அந்தக் கடையிலிருந்துதான் போகும். பைக்காராவில் மின்சாரம் எடுக்க மலையைக் குடைந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை.

கடையில் என் வேலை தட்டிப் பார்ப்பது. கப்பலில் வந்த பெட்டி மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறி, குலுங்கிக் குலுங்கி ஊட்டிக்கு வந்து சேரும்போது உள்ளே எத்தனை முழுசாக இருக்கிறது என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். வைக்கோலை விலக்கி ஒவ்வொரு கப்பாக எடுத்து, அடியை உள்ளங்கையில் நிறுத்தி, விளிம்பில் நகத்தால் ஒரு சுண்டு. ‘டிங்’ என்றால் அலமாரிக்கு. ‘டொக்’ என்றால் கூடைக்கு. கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்கூட அந்தச் சத்தத்துக்குத் தப்பாது. சந்தையில் மண்சட்டி வாங்குகிற பெண்கள் விரல் முட்டியால் தட்டிப் பார்க்கிறார்களே, அதே வித்தைதான். ராவுத்தர் உள்ளே யாரிடம் பேசிக்கொண்டிருந்தாலும் காது என்னிடம்தான் இருக்கும். “காதரு, அது டொக்குப்பா!” என்று அங்கிருந்தே குரல் வரும்.

ராவுத்தர் தங்கமான மனுஷர், வாய் மட்டும் சும்மா இருக்காது. குளிர் அவருக்கு ஆகவே ஆகாது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து மார்க்கெட் கூரையெல்லாம் வெளுத்துக் கிடக்கும். அந்தக் காலைகளில் அவர் விரல்கள் மடங்க மறுக்கும். கடைப் பூட்டை நான்தான் திறப்பேன். எதிர்க் கடையிலிருந்து டீ வரும். ஊருக்கெல்லாம் கப் விற்கிறவருக்கு, கப்பின் காதுக்குள் தன் விரல் நுழையாது! சாஸரில் ஊற்றி இரண்டு கையாலும் ஏந்துவார். வாய்க்குப் போவதற்குள் ஆறிவிடும். “பச்சத் தண்ணியக் குடிச்ச மாதிரி இருக்குது” என்று திட்டிக்கொண்டே குடிப்பார்.

அவருக்கு ஒரே மகள், ஜைனப். கடைக்கு மேல்மாடியிலேயே வீடு. சின்ன வயதில் நானும் அவளும் அந்த மாடிப்படியில் விளையாடியிருக்கிறோம். வளர்ந்த பிறகு அவள் திரைக்குப் பின்னால் போய்விட்டாள். சிரிப்பு மட்டும் மாடியிலிருந்து இறங்கி வரும். அதைக் கேட்பதற்காகவே நான் அந்தக் கடையில் வைக்கோல் பிரித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஒருநாள் ஹார்லி துரைசாணி கடைக்குள் வந்தார். குன்னூர்ப் பக்கம் அண்ணனுடைய எஸ்டேட்டில் இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஜப்பானில் பல வருஷம் தங்கி மண் வேலை கற்றுக்கொண்டு வந்தவர் என்று எஸ்டேட்காரர்கள் சொல்வார்கள். முழங்கை வரை காய்ந்த மண். அலமாரியில் மின்னிக்கொண்டிருந்த வரிசையை ஏறெடுத்தும் பார்க்காமல் நேராக என் ‘டொக்’ கூடையிடம் போய்க் குத்த வைத்து உட்கார்ந்துவிட்டார். சூளையிலேயே ஒரு பக்கம் உப்பி, விளிம்பு நெளிந்துபோன ஒரு கப்பை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தார்.

“அம்மா, அது ஒடஞ்சதுங்க. விக்கறதில்லீங்க” என்றேன்.

“தெரியும். உனக்கு எப்படித் தெரிஞ்சுது?” அவருடைய தமிழ் பட்லரிடமும் தோட்டக்காரரிடமும் பேசிப் பழகிய தமிழ்.

சுண்டிக் காட்டினேன். கூடையிலிருந்த ஒவ்வொன்றையும் சுண்டச் சொன்னார். விரிசல் எந்தப் பக்கம் என்று கேட்டுச் சரிபார்த்தார். முடிந்ததும் எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு, “எனக்குக் காது இருக்கிற ஆள் வேணும். வர்றியா?” என்றார்.

ராவுத்தருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “போயிட்டு வாப்பா, போயிட்டு வா. மண்ணுல ரெண்டு மாசம் பொரண்டீனா பீங்கானோட அருமை தெரியும்” என்று அனுப்பிவைத்தார். குன்னூர் என்றால் அம்மா பக்கத்திலேயே இருக்கலாம் என்று நானும் கிளம்பிவிட்டேன்.

மண் கூடம் என்பது எஸ்டேட்டில் பழைய கொழுந்து நிறுக்கிற கொட்டகை. அங்கே எங்களோடு ருக்குமணி அக்கா. கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர், பெரிய ஜாடிகளை மண் திரி திரித்து அடுக்கி எழுப்புவதில் கெட்டிக்காரி. சக்கரம் கிடையாது. சக்கரத்தைத் துரைசாணி வாசலுக்குள் விடமாட்டார். மண்ணில் சுட்ட செங்கல் குருணை கலந்து பிசைவோம், திடீர்ச் சூட்டைத் தாங்க வேண்டும் என்பதற்காக. ஆரஞ்சுப் பழம் அளவு ஓர் உருண்டை. இடது உள்ளங்கையில் வைத்து வலது கட்டைவிரலை நடுவில் இறக்க வேண்டும், அடியைத் தொட்டுவிடாமல். பிறகு உருண்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றிக்கொண்டே கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே கிள்ளிக் கிள்ளிச் சுவரை எழுப்ப வேண்டும். அவசரப்பட்டால் விளிம்பு பிளக்கும். நனைத்துச் சரி செய்யலாம் என்றால் சுவர் தொய்ந்துபோகும். ஈரச் சாக்குக்குள் வைத்து, வெல்லக்கட்டிப் பதத்துக்கு இறுகியதும் கவிழ்த்து, மூங்கில் கத்தியால் அடியைச் செதுக்குவோம். மழைக்காலத்தில் எதுவும் காயாது. துரைசாணியின் சமையலறை அடுப்பைச் சுற்றி அடுக்கிவைப்போம். பட்லருக்கும் எங்களுக்கும் தினமும் சண்டை நடக்கும்.

கற்றுக்கொண்ட வருஷங்களைப் பற்றி இவ்வளவு போதும். துரைசாணி சரக்கைப் பார்க்கிற விதத்தைத்தான் சொல்ல வேண்டும். திட்டமாட்டார், குரலும் உயராது. கிண்ணத்தை முதலில் கவிழ்த்து அடியைப் பார்ப்பார். பிறகு இரண்டு கையாலும் ஏந்திக் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகச் சுற்றுவார். நாம் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அவரிடம் இரண்டே இரண்டு தீர்ப்புகள். ராவுத்தர் கடைப் பழக்கத்தில் நான் மெல்லிசாக, வட்டமாக, பீங்கான் மாதிரியே செய்து கொண்டுபோனேன். “இது பயப்படுது” என்றார். கிண்ணம் மண் தொட்டிக்குள் போய்விட்டது. ஓஹோ, கோணலாக இருந்தால்தான் பிடிக்கும் போலிருக்கிறது என்று ஒரு பக்கத்தை வேண்டுமென்றே அமுக்கி, விளிம்பை நெளித்துக் கொண்டுபோனேன். “இது நடிக்குது” என்றார். அதுவும் தொட்டிக்குள் போய்விட்டது. சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். அதில் டீயை ஊற்றிக் குடிப்பார், அவ்வளவுதான்.

அந்த அழகுக்கு ஜப்பானில் ‘வாபி’ என்று ஒரு பேர் உண்டு என்றார். என்ன அர்த்தம் என்று கேட்டேன். மத்தியானம் வரை யோசித்தார். அப்புறம் வெளியே கூட்டிப்போய், கவாத்து வெட்டி இலை ஒன்றுகூட இல்லாமல் மொட்டையாக நின்ற தேயிலைச் சரிவைக் காட்டினார். மூடுபனி அதன்மேல் ஏறிக்கொண்டிருந்தது. “இது” என்றார். எனக்கு அன்று குளிர்தான் தெரிந்தது. அர்த்தம் பிற்பாடு கொஞ்சம் பிடிபட்டது.

சுடுவது எப்படி என்று அந்தப் பெண் கேட்டாளே. எங்கள் சூளை இடுப்புயரம். கற்பூர மரக் கட்டையைப் பிளந்து தீ மூட்டுவோம். ஒருமுறை வெறுமனே சுட்ட கிண்ணத்துக்கு வெள்ளைக் கண்ணாடி மெருகு பூசி, காயவைத்து, நீளக் குறடால் பிடித்து நெருப்புக்குள்ளேயே இறக்குவோம். பிறகு செங்கல் ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பூச்சு முதலில் சர்க்கரை மாதிரி பொரியும், கொப்புளிக்கும், அப்புறம் அடங்கும். அடங்கிய பிறகு ஒரு நிமிஷம் ஈரம் படிந்த மாதிரி பளபளக்கும், உள்ளே எரிகிற தீ அதில் தெரியும். அந்தக் கணத்தில் குறடால் பற்றி, செக்கச் செவேலென்று வெளியே எடுத்துத் தரையில் வைத்துவிட வேண்டும். தாமதித்தால் பூச்சு அடிக்கு ஓடிவிடும்.

அதற்கப்புறம்தான் எனக்கு வேலை. தரையில் வைத்த கிண்ணம் ஆற ஆற, மெருகு சுருங்கி வெடித்து, வலைவலையாகக் கோடு விழும். ஒவ்வொரு கோடும் ‘டிங்’ என்று ஒரு சின்னச் சத்தம் போடும். ‘டிங்… டிங் டிங்…’ என்று கிண்ணம் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும். மெருகு மட்டும் வெடித்தால் ஒரு சத்தம், உடம்பே விரிந்தால் வேறொரு சத்தம். அதைப் பிரித்துச் சொல்லத்தான் துரைசாணிக்கு என் காது வேண்டியிருந்தது. நன்றாக ஆறிய பிறகு பழக்க தோஷத்தில் சுண்டிப் பார்ப்பேன். ‘டொக்’ என்றுதான் சொல்லும், நல்லதும் அப்படியேதான் சொல்லும். குருணை கலந்து அரைவேக்காட்டில் எடுத்த மண்ணுக்கு வேறென்ன குரல் இருக்கும்? பாட வேண்டியதையெல்லாம் அது பிறந்த அன்றைக்கே பாடிவிடுகிறது என்று நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இரண்டு மாதத்தில் ஓடி வருவான் என்று நினைத்த ராவுத்தர் ஏமாந்துபோனார். எனக்கு வேலை பிடித்துவிட்டது. அம்மாவுக்கோ நான் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். எனக்கு யார் வேண்டும் என்பது அம்மாவுக்குத் தெரியும். சொல்லியனுப்பியதற்கு ராவுத்தர், “வாங்க, பேசலாம். அந்தப் பய அங்க என்னதான் செய்யறான்னு ஒண்ணைக் கொண்டாரச் சொல்லுங்க, பாக்கலாம்” என்று பதில் அனுப்பினார்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. ராவுத்தருக்குக் காட்டுகிற கிண்ணமாயிற்றே! வட்டமாகச் செய்தேன், துரைசாணி தலையை ஆட்டினார், பயப்படுது. தைரியமாகச் செய்தேன், நடிக்குது. தொட்டி நிறைந்துகொண்டே போயிற்று. “ஏந்தம்பி, மாப்பிள்ளன்னு பாக்கப் போறது உங்களையா கிண்ணத்தையா?” என்று ருக்குமணி அக்கா கிண்டல் செய்தார்.

ஒரு காலையில் கை விறைத்துப்போய் மண் உருண்டையைப் பிடிக்கவே முடியவில்லை. சட்டென்று ராவுத்தரின் விரல்கள் ஞாபகம் வந்தன. இப்போது அந்தப் பூட்டை யார் திறக்கிறார்களோ என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நான் ஜைனபையும் நினைக்கவில்லை, துரைசாணியையும் நினைக்கவில்லை. மடங்காத விரலுக்கு எது தோதாக இருக்கும் என்பது ஒன்றுதான் மனசில் ஓடியது. சுவர் தடிப்பாக இருந்தால் கை சுடாது, சூடும் நிற்கும். காது வேண்டாம், இரண்டு கையாலும் ஏந்தும்படி வயிறு கொஞ்சம் அகலம். வலது கட்டைவிரல் வந்து உட்கார ஒரு பள்ளம். உதட்டுக்கு எதிரே விளிம்பு ஓர் இழை தாழ்வு. காயவைத்து, சுட்டு, ஆறவைத்து எடுத்துப்போனேன். துரைசாணி அடியைப் பார்த்தார், கண்ணை மூடினார், சுற்றினார். கட்டைவிரல் பள்ளம் வந்ததும் கை நின்றது. ஒன்றும் சொல்லாமல் கெட்டிலை எடுத்து டீயை ஊற்ற வந்தவர், கையை நிறுத்திக்கொண்டார்.

“வேண்டாம். இது வேற ஒருத்தருக்கு” என்றார்.

நானும் அம்மாவும் தட்டில் பழம், சீனி, பூவோடு அந்தக் கிண்ணத்தையும் வைத்து எடுத்துக்கொண்டு ஊட்டிக்குப் போனோம். மாடியில் உட்கார வைத்தார்கள். வெள்ளை விரிப்புப் போட்ட மேசை. திரைக்குப் பின்னால் வளையல் சத்தம். ராவுத்தர் கிண்ணத்தை எடுத்து அடியை உள்ளங்கையில் நிறுத்தி, நகத்தால் சுண்டினார்.

‘டொக்.’

இன்னொரு பக்கம் சுண்டினார். ‘டொக்.’

“காதரு, எங்கிட்ட இருந்தப்ப இதை எங்க போட்டிருப்பே?”

“கூடையிலதானுங்க போட்டிருப்பேன்.”

திரைக்குப் பின்னால் சிரிப்பை யாரோ அடக்கினார்கள். ராவுத்தர் டீ கொண்டுவரச் சொல்லி அதில் ஊற்றி மேசையில் வைத்தார். ஊர் நிலவரம் பேசினோம். பேசி முடித்துக் கிண்ணத்தைத் தூக்கினால், வெள்ளை விரிப்பில் வட்டமாக ஈரம்! டீ கசிந்து இறங்கியிருக்கிறது.

“ஒழுகவும் செய்யுதா! சபாஷ்!” என்றார் ராவுத்தர். அம்மா முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

பிறகு அவர் நிதானமாகவே பேசினார். “பையன் மேல எனக்கு ஒரு கொறையும் இல்லீங்க. நான் வளத்த பையன். அந்த மண்ணு வேலைய உட்டுப்போட்டுக் கடைக்கு வரச் சொல்லுங்க, நாளைக்கே நிக்காஹ் பேசிடலாம். கோணக் கிண்ணம் செய்யறவனுக்கு என்ற மகளைக் குடுத்தேன்னு வையுங்க, மார்க்கெட்டுல அவனவன் என்னையத் தட்டிப் பாப்பான்.”

யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்தோம். எங்கள் பக்கத்து வழக்கப்படி தட்டையும் கிண்ணத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். பதில் முடிவானதும் அவர்கள் வீட்டிலிருந்து ஏதாவது வைத்துத் திருப்பி அனுப்புவார்கள்.

கூடத்தில் நடந்ததைச் சொன்னதும் ருக்குமணி அக்கா தலையில் அடித்துக்கொண்டார். “ஏனுங்க தம்பி, புதுச் சட்டியப் பழக்காம யாராச்சும் சபையில வெப்பாங்களா? கஞ்சித் தண்ணிய ஊத்தி ஒரு நாள் வெச்சு, கொதிக்க விட்டு எடுத்தா மண்ணு வாயை மூடிக்கும். இது தெரியாம பொண்ணு கேக்கப் போயிட்டாராம்!”

எனக்கு எப்படித் தெரியும்? பீங்கானைப் பழக்கிப் பார்த்தவர் உண்டா? துரைசாணியிடம் கேட்டால், “ஜப்பானிலும் கஞ்சிதான்” என்றார். “ஏன் சொல்லலை?” என்றேன். “நீ தமிழ் ஆள். உனக்குத் தெரியும்னு நினைச்சேன்” என்றார். போதாதா!

யோசித்தேன், யோசித்தேன், யோசித்துக்கொண்டே இருந்தேன். கடைக்குப் போனால் ஜைனப் உண்டு. ஆனால் காலையில் எழுந்து வைக்கோல் பிரித்துச் சுண்டிக்கொண்டிருக்க வேண்டும், மண்ணைத் தொட முடியாது. கூடத்திலேயே இருந்தால் அந்தச் சிரிப்பு வேறு யார் வீட்டிலோ கேட்கும். எதையும் விட மனசில்லாமல் மழைக்காலத்தைக் கழித்தேன். பனிக்காலம் வந்துவிட்டது. மேட்டுப்பாளையம் ஜவுளிக்கடைக்காரர் மகனுக்கு ஜைனபைக் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று செய்தியும் வந்துவிட்டது.

அதன் பின்னாலேயே ராவுத்தர் கடை ஆள் எங்கள் வீட்டுக்கு வந்தார். துணியில் சுற்றிய பொட்டலத்தை அம்மாவிடம் கொடுத்தார். “ராவுத்தர் குடுத்துட்டு வரச் சொன்னாருங்க. வெச்ச எடத்துலயே இருந்துச்சாம், யாரும் தொடலையாம்.”

அம்மா பிரித்தார். தட்டும் கிண்ணமும், இரண்டும் வெறுமையாக.

“ஒரு துளி சீனியாவது போட்டு அனுப்பக் கூடாதா! பகையாளி ஊட்டுப் பாத்திரத்தைக்கூட இப்படி வெறுசா அனுப்பமாட்டாங்களேடா!” என்று அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். நான் இழுத்தடித்ததற்கு இதுதான் பதில் என்று கிண்ணத்தைக் கையில் எடுத்தேன். உள்ளே பார்த்தேன். ஜன்னலுக்கு எடுத்துப்போய் மறுபடி பார்த்தேன்.

நான் கொடுத்தபோது மெருகில் விழுந்த கோடுகள் கண்ணுக்கே தெரியாது, அத்தனை வெளுப்பு. இப்போது உள்பக்கம் முழுக்க அந்த வலை பழுப்பாக ஊறியிருந்தது. அடியில் கருமை, மேலே வர வர இளசு. விளிம்பில் தாழ்வாக விட்ட இடத்தில் நல்ல பழுப்பு, மற்ற இடத்தில் ஒன்றும் இல்லை. தண்ணீர் ஊற்றி மேசையில் வைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டுக் கசியவில்லை. யாரோ கஞ்சி ஊற்றிப் பழக்கியிருக்கிறார்கள்!

கூடத்துக்கு ஓடினேன். துரைசாணி அதை வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். “தினமும் குடிச்சிருக்காங்க” என்றார். “ஜப்பானில் இதுக்காகக் காத்திருப்பாங்க, காதர். கிண்ணத்தில் பாதிதான் நாம செய்யறோம். மிச்சத்தைக் குடிக்கிறவங்க செய்யறாங்க.”

குடித்தது யாராக இருக்கும்? எனக்கு ஒரே ஒரு பேர்தான் தோன்றியது. கால் தரையில் பாவவில்லை. மறுநாள் முதல் ரயிலில் ஊட்டிக்குப் போய் இறங்கினேன். மார்க்கெட் கூரையெல்லாம் உறைபனி. கடையில் ராவுத்தரும், காலையிலேயே வந்துவிட்ட இரண்டு ஓட்டல்காரர்களும் இருந்தார்கள். நான் ஸலாம் சொல்லி, துணியைப் பிரித்துக் கிண்ணத்தை அவர் முன்னால் வைத்தேன்.

“இதுல யாருங்க டீ குடிச்சது?”

“யாரு குடிச்சா? யாரும் தொடலைன்னுதான் சொல்லி அனுப்பினனே” என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு வெறுப்பாகிவிட்டது. அந்த நேரத்தில் எதிர்க் கடையிலிருந்து டீ வந்தது, பீங்கான் கப்பில், சாஸரோடு.

ராவுத்தர் பேசிக்கொண்டே போனார். “ஏம்ப்பா, ஒழுகற கிண்ணத்துல எவனாச்சும் குடிப்பானா? ஊட்டுல வேற கிண்ணமா இல்ல? பீங்கான் கடைய வெச்சுக்கிட்டு எனக்கென்ன தலையெழுத்தா?” பேச்சுவாக்கில் டீயை எடுத்தார். சாஸரில் ஊற்றவில்லை. என் கிண்ணத்தில் ஊற்றினார். கிண்ணத்தை லேசாக ஒரு திருப்புத் திருப்பினார். வலது கட்டைவிரல் தானாகப் போய்ப் பள்ளத்தில் உட்கார்ந்தது. மடங்காத மற்ற விரல்கள் எல்லாம் வயிற்றைச் சுற்றி அமர்ந்தன. தாழ்வான விளிம்பில் வாயை வைத்து, கண்ணை மூடி, ஒரு மிடறு உறிஞ்சினார். “ஹா…” என்றார்.

ஓட்டல்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராவுத்தர் கண்ணைத் திறந்தார். கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

மாடிப்படியிலிருந்து அந்தச் சிரிப்பு இறங்கி வந்தது. “அத்தா! யாரும் தொடலைன்னீங்க!”

“எல்லாம் இவ பண்ணின வேலை!” என்று ராவுத்தர் கூரையைப் பார்த்துக் கத்தினார். “கஞ்சிய ஊத்தி வெச்சா. காலைல அதுலயே டீயக் கொண்டாந்து நீட்டினா. பனி நேரத்துல கைக்கு எதமா இருக்குது, நான் என்னத்தப் பண்ணுவேன்?”

“அப்புறம் ஏனுங்க திருப்பி அனுப்புனீங்க?”

அவர் குரல் இறங்கியது. “மேட்டுப்பாளையத்துக்காரங்க வந்தாங்க. அவங்களுக்குச் சரின்னு சொல்லலாம்னுதான் பாத்தேன். உன்ற கிண்ணத்துல குடிச்சுக்கிட்டே உனக்கு இல்லைன்னு சொல்ல வாய் வரல காதரு. அதைக் கண்ணுலருந்து ஒழிச்சாச் சொல்லிப்புடலாம்னு அனுப்பிப்போட்டேன். அனுப்பியும் சொல்ல முடியல. நேத்துலருந்து டீ தொண்டையில எறங்க மாட்டேங்குது.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க வேறு எதையோ கேட்கப் போய், “கடைக்கு எப்ப வரட்டுங்க?” என்று கேட்டுவிட்டேன்.

“எதுக்கு? நீ இங்க வந்து வைக்கோல் பிரிச்சா அங்க யாரு செய்யறது? ஜைனபுக்கு ஒண்ணு வேணுமாம். ஒரு கிண்ணத்துக்கு ரெண்டு பேரு அடிச்சுக்கறோம். போய்ச் செய்யற வழியப் பாரு.”

டீயை மிச்சம் வைக்காமல் குடித்தார். தோள் துண்டால் கிண்ணத்தைத் துடைத்தார். அடுத்த கடையிலிருந்து சீனி வரவழைத்துத் தலைதட்ட நிரப்பினார். “வெறுங்கிண்ணமா அனுப்புனது என்ற தப்புதான். உங்கம்மாகிட்டக் குடு. வெள்ளிக்கிழமை நாங்க வர்றோம்னு சொல்லு.”

நான் கையை நீட்டினேன். அவர் கிண்ணத்தைக் கொடுத்தார், ஆனால் விடவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றோம். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு அதை மெல்ல என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அலமாரியிலிருந்து தங்கக் கோடு போட்ட உயர்ந்த கப் ஒன்றை எடுத்தார். நகத்தால் ஒரு சுண்டு. ‘டிங்.’ சீனியைச் சிந்தாமல் அதில் மாற்றினார்.

“இதுல கொண்டு போ” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரு சிட்டிகை சீனியை என் வாயில் போட்டார், தானும் போட்டுக்கொண்டார், மறுபடியும் அழுதார். அப்புறம்தான் கப்பைக் கவனித்தார்.

“ஏண்டா காதரு, நம்ம கிண்ணம் எங்க?”

“அது இனிமே வராதும்மா” என்றேன்.